சியாமாச்செட்டிக்கு இரண்டு கொளுக்கி

தலையைப் பார்த்துக்கொள்ளும், தம்பி. அந்தப் பிளேன் சரியாய் உம்முடைய நெற்றி உயரத்தில்தான் தொங்குகிறது. முட்டினாலும் விழாது, நல்ல நூல். போன மாதம் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரன் முட்டிவிட்டு அதனிடமே 'சொறி' சொல்லிவிட்டுப் போனான்.

ஹீற்றர் அந்த மூலையில். நீர் உம்முடைய வேலையைப் பாரும், நான் இந்தக் கதிரையில் இருக்கிறேன். மகள் வேலைக்குப் போகமுதல் சொல்லிவிட்டுத்தான் போனாள். 'ஹீற்றர் திருத்த ஒரு தமிழ்ப் பொடியன் வருவான் அப்பா, அவனைக் கதைச்சுக் குழப்பாதேங்கோ' என்று. நான் கதைக்கிற ஆள் இல்லை. கேட்டால்தான் சொல்லுவேன். நீர் என்ன பிளேன் என்று கேட்டபடியால் சொல்கிறேன்.

உமக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லையா? எந்த ஊர் நீர்? பருத்தித்துறையா. எத்தனையாம் ஆண்டு பிறந்தீர்? தொண்ணூற்றெட்டா. அப்போ தெரியாதுதான். நீர் பிறக்கும்போது கிபிர் ஜெற் வந்துவிட்டது. கிபிர் வேறு சாதி. சத்தம் வந்து சேரமுதல் குண்டு விழுந்துவிடும். அதை எண்ணி என்ன, எண்ணாமல் விட்டு என்ன. இது அதற்கு முந்தினது. காற்றாடி வைத்த சின்னப் பிளேன். இத்தாலிக்காரன் பொடியளுக்குப் பறக்கப் பழக்குவதற்குச் செய்ததாம், மருமகன் சொன்னான். அதனுடைய பேரை நானும் ஒழுங்காய்ச் சொல்லப் பார்த்தேன், வாயில் வராது. எங்களுடைய சனம் அதைச் சியாமாச்செட்டி ஆக்கிவிட்டது. சுருக்கமாய்ச் செட்டி. 'செட்டியார் வந்திட்டார், உள்ளுக்குப் போங்கோ' என்றால் கைக்குழந்தையும் பங்கருக்குள் இறங்கும்.

அந்த ஏணியை எடுக்கலாம், பயப்படாமல் ஏறும். ஓம், மேல்பக்கம் பெயின்ற் இல்லை. மேலே ஏறி நிற்கிறபடியால் உமக்குத் தெரிகிறது. மருமகனும் அதைத்தான் பெரிய குறையாகச் சொல்லுவான். 'மாமா, மேல்பக்கம்தானே வடிவு, பச்சையும் மண்ணிறமும் கலந்து அடிக்கலாம்' என்பான். நான் மேல்பக்கத்தை எங்கே கண்டேன்? காணாத ஒன்றுக்கு எப்படி நிறம் பூசுகிறது? எனக்குத் தெரிந்தது அடிப்பக்கம். அதில் ஒரு பிழையும் நீர் கண்டுபிடிக்கமுடியாது. அதனால்தான் தொங்கவிட்டிருக்கிறேன். அலுமாரித் தட்டில் வைத்தால் எனக்கு அது வேறு யாருடையவோ பிளேன்.

மருமகன் பிரதீபன் நல்ல பொடியன். குறை சொன்னால் வாய் அழுகும். மூன்று வயதில் இங்கே வந்தவன். நித்திரையில்கூட இங்கிலீசில்தான் புலம்புவான் என்று மகள் சிரிப்பாள். ஆனாலும் என்னோடு தமிழில் கதைக்கவேண்டும் என்று எத்தனிப்பான். அவனுக்கு இந்தப் பிளேன் பைத்தியம். மேலே கண்ணாடி அலுமாரி பார்த்திருப்பீர். மற்ற வீடுகளில் அதற்குள் கலியாண அல்பமும் பிள்ளைகள் வென்ற கப்பும் இருக்கும். இந்த வீட்டில் முழுக்க முழுக்கப் பிளேன். எல்லாம் ஹிற்லருடைய சண்டையில் பறந்தவை. நான் வந்த புதிதில் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினான். 'இது லங்காஸ்டர் மாமா, ஜேர்மனிக்குப் போய்ப் போட்டது' என்றான். 'எத்தனை சனம் செத்தது?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். 'அது தெரியேல்லை மாமா. ஆனா செட்டை முப்பத்தொரு மீற்றர்' என்றான்.

பாவம், அவனுக்குத் தெரிந்ததைத்தானே அவன் சொல்லமுடியும்.

போன பனிக்காலம் வாசலில் சறுக்கி விழுந்து கால் முறிந்து இந்தக் கதிரையிலேயே இருந்தேன். மேலே ஏற முடியாது. மகள் கீழே வருவது குறைவு. அவளுக்குப் பேஸ்மென்ற் குளிர் ஒத்துவராது, தலையிடிக்கும். அப்போதுதான் மருமகன் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. 'மாமா, உங்கட ஊர்ப் பிளேன் ஒண்டு தேடிப் பிடிச்சிட்டன்' என்றான்.

'எங்கட ஊரிலை பிளேன் இருந்ததில்லை, தம்பி. வந்ததுதான்' என்றேன்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளேன் இல்லை. பிளாஸ்ரிக் சட்டங்கள். அதில் காம்புகளோடு துண்டு துண்டாய்ச் செட்டை, வால், சில்லு, காற்றாடி எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு தாள், எதை எதோடு ஒட்டுகிறது என்று படம் போட்டு. அந்தத் தாளைத்தான் சொல்கிறேன், எனக்கும் மருமகனுக்கும் நடுவில் வந்தது அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றொன்றாய் வெட்டி, காம்பு இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து, சாமணத்தால் பிடித்து, ஊசிமுனை அளவு பசை வைத்து ஒட்டவேண்டும். எனக்குக் கை நடுக்கம் இல்லை. சங்கக்கடையில் மனேச்சராய் இருந்தவன். சீனி நிறுத்தால் ஒரு குறுணி கூடாது, குறையாது. மருமகன் பார்த்துக்கொண்டே இருப்பான். 'மாமா, உங்களுக்கு இது கைவந்திருக்கு' என்பான். சந்தோசமாய்த்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. பின்னேரங்களில் அவன் வேலையால் வருகிற காரின் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருப்பேன்.

பிளேன் உடம்பின் மேல்பாதியை அப்போதுதான் முதன்முதல் கண்டேன். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆசனம், காருக்குள் புருசனும் பெண்சாதியும் இருக்கிறமாதிரி. நான் இவ்வளவு காலமும் ஒருவன்தான் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் என்றால் ஒருவன் ஓட்ட மற்றவன் கீழே பார்த்துக்கொண்டு வரலாம். சின்ன மனுசர் இரண்டு பேரும் பெட்டியில் இருந்தார்கள், அரிசி அளவு தலை. மருமகன் முகத்துக்கு நிறம் தீட்டச் சொன்னான். வேண்டாம், வெறும் ஆசனமாய் இருக்கட்டும் என்றேன். அந்த இரண்டு பேரும் இப்போதும் அந்த மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறார்கள்.

பெயின்ற் வயிற்றுக்கு மட்டும்தான், அதை அடித்தது நான். தாளில் ஒரு நம்பர் போட்டிருந்தான், இந்த நம்பர் பெயின்றை அடி என்று. அந்த நிறம் இல்லை, தம்பி. அது புதுப் பிளேனின் நிறம். எங்களுக்கு மேலே வந்தது ஈரம் காயாத சீமெந்தின் நிறம். சாம்பலில் ஒரு சொட்டு நீலம் விட்டு, பிறகு ஒரு சொட்டுக் கறுப்பு விட்டு, காயவைத்து, அண்ணாந்து பார்த்து, அழித்து, திரும்பப் பூசினேன். என்ஜின் புகை வழிந்து வயிற்றில் ஒரு கருங்கோடு இருக்கும், இடது பக்கம் கொஞ்சம் கூட. அதையும் போட்டேன். மருமகன் போனில் படம் எடுத்துத் தன்னுடைய பிளேன்காரக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். மாமா இதை எங்கே பழகினார் என்று அவர்கள் கேட்டார்களாம். எங்கே பழகுகிறது? அண்ணாந்து பழகியதுதான்.

செட்டைமுனையில் அந்த இரண்டு உருண்டையும் தெரிகிறதா? அது எண்ணெய்த் தாங்கி. முதன்முதல் செட்டி வந்தபோது சனம் அதையும் குண்டு என்று நினைத்துக் குழறியது. 'அது குண்டில்லை, பெற்றோல். குண்டு செட்டைக்குக் கீழை கொளுக்கியிலை கிடக்கும், ரெண்டு' என்று நான்தான் விளங்கப்படுத்தினேன். நான் சண்டிலிப்பாய்ப் பக்கம். எங்களுடைய ஒழுங்கையில் பங்கர் எங்கள் வளவுக்குள்தான், மாமரத்துக்குக் கீழே. பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை. பக்கத்து வீட்டுத் துரைச்சாமி அண்ணையின் ஆட்கள் வருவார்கள். முன்வீட்டு இராசம்மாக்கா வருவா, கையில் ஆட்டுக்குட்டியோடு. 'மனிசருக்கே இடமில்லை, ஆடு என்னத்துக்கு அக்கா?' என்று துரைச்சாமி அண்ணை கேட்டால், 'உனக்குப் பால்தேத்தண்ணி மட்டும் வேணும், என்ன?' என்பா. உள்ளே இருட்டுக்குள் சிரிப்புக் கேட்கும். குண்டு விழுகிற நேரத்திலும் சிரித்திருக்கிறோம், தம்பி. இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள்.

நான் உள்ளே இறங்குகிறதில்லை. வாசலில், மண்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். எல்லா ஒழுங்கையிலும் அப்படி ஒருவன் இருந்தான். விழுகிற குண்டை எண்ணுகிறவன். யாரும் நியமிக்கவில்லை. எனக்கு 'கொன்ரோல் ரவர்' என்று பட்டம். வெளியில் வரலாமோ என்பதைத் துரைச்சாமி அண்ணை உள்ளே இருந்து பிளேன் ஓட்டி மாதிரிக் கேட்பார், 'என்ன ரவர், இறங்கலாமோ?' என்று.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹெலிக்குக் கணக்கில்லை, அது சுட்டுக்கொண்டே திரியும். அவ்ரோவுக்கும் கணக்கில்லை, அது ஆள் ஏற்றுகிற பெரிய பிளேன், உள்ளே இருந்து பீப்பாய்க் குண்டை உருட்டிவிடுவார்கள், தங்களுக்கு அலுத்தால்தான் நிற்பாட்டுவார்கள். செட்டி அப்படி இல்லை. கொளுக்கியில் கொழுவிக்கொண்டு வருகிறதைத்தான் போடும். இரண்டு. 'செட்டி ரெண்டு முட்டைதான் இடுவான்' என்று பிள்ளைகள் பாட்டாய்ப் படிக்கும். சுற்றிச் சுற்றி வந்து ஒரு குத்துக் குத்தும். ஒன்று. திரும்ப எழும்பி, வட்டம் போட்டு, குத்தும். இரண்டு. பிறகு சத்தம் மாறும். மூட்டை இறக்கிய வண்டில் போல லேசாய்ப் போகும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கையால் நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டி, 'முடிஞ்சுது, வாங்கோ' என்பேன். எல்லாரும் ஏறி வருவார்கள். அடுப்பில் வைத்தது அடுப்பிலே இருக்கும், தோய்க்கப் போட்டது வாளியிலே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ஒருமுறை எங்கள் சட்டம்பியார், படித்த மனுசன், நான் தட்டமுதல் ஏறி வந்துவிட்டார். 'எனக்குத் தெரியாதோ' என்று. இரண்டாவது அப்போதுதான் விழுந்தது. கடவுளே என்று ஒன்றும் ஆகவில்லை, வாய் நிறைய மண். அதற்குப் பிறகு அவரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன, பற்றவில்லையா? அந்தச் சின்னக் கம்பியில் கரி பிடித்திருக்கும், போன வருடம் வந்த ஆளும் அதைத்தான் துடைத்தான். துடைத்துப் பாரும். அவசரம் இல்லை. எனக்குக் குளிர் பழகிவிட்டது.

தாளைப் பற்றிச் சொல்ல வந்தேன். செட்டையின் கீழ்த் துண்டு இருக்கிறதல்லவா, அதன் உட்பக்கம் சின்னச் சின்னப் பள்ளமாய் அடையாளம் வைத்திருக்கிறான். கொளுக்கி பூட்டுவதற்கு அந்த இடத்தில் ஊசியால் துளைக்கவேண்டும். தாளில் நாலு இடம் காட்டியிருக்கிறது. ஒரு செட்டைக்கு இரண்டு, மற்றதற்கு இரண்டு. மருமகன் துளைத்துவிட்டான். நான் கண்டவுடன், 'தம்பி, இதிலை பிழை. செட்டிக்கு ரெண்டுதான்' என்றேன்.

'நாலு பூட்டலாம் மாமா. சில நேரம் ரெண்டோடை வரும், சில நேரம் நாலோடை வரும். தேவையைப் பொறுத்தது' என்றான்.

'ஆர் சொன்னது?'

'தாளிலை இருக்கு.'

'தாள் எழுதினவன் சண்டிலிப்பாயிலை இருந்தவனோ?'

சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான். கொம்பியூட்டரைக் கொண்டுவந்து படங்கள் காட்டினான். எந்தெந்த நாட்டிலோ நிற்கிற செட்டி. சிலதுக்கு இரண்டு, சிலதுக்கு நாலு. அது அந்த நாட்டு வழக்கம், எங்களுக்கு மேலே வந்தது இரண்டு என்றேன். 'ஓகே மாமா, உங்கட பிளேன், உங்கட விருப்பம்' என்றான். நல்ல பொடியன் என்று சொன்னேனே.

நான் அந்த வெளித் துளைகள் இரண்டையும் பட்டி வைத்து மூடினேன். காய்ந்தபின் தேய்த்தேன். பூசினேன். ஒரு கிழமையால் பார்க்கிறேன், அந்த இடத்தில் சின்னப் பள்ளம். அம்மைத் தழும்பு மாதிரி. பட்டி காயக் காயச் சுருங்குமாம். திரும்ப வைத்தேன், தேய்த்தேன், பூசினேன். திரும்பப் பள்ளம். வேறு பட்டி வாங்கித் தரச் சொன்னேன். விலைகூடினது வாங்கித் தந்தான். அதுவும் சுருங்கியது. வெளிச்சம் நேரே விழுந்தால் தெரியாது. அந்த யன்னல் பக்கத்தால் சாய்ந்து விழுந்தால் தெரியும். இந்த நாட்டுப் பட்டி சரியில்லை, தம்பி.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீர் நினைக்கலாம். பிடிவாதம் இல்லை, கணக்கு. கொளுக்கி இரண்டு என்றால் குண்டு இரண்டு. மூன்றாவது ஒன்று விழுந்தால் அது வேறு பிளேன் போட்டது. விளங்குகிறதா? அவ்வளவுதான் கணக்கு.

தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி மாதம். காலமை செட்டி வந்தது. ஒன்று புகையிலைத் தோட்டத்துக்கு அங்கால் விழுந்தது. எண்ணினேன். மற்றது சங்கக்கடைக் கிணற்றடியில் விழுந்தது. எண்ணினேன். சத்தம் லேசானது. தட்டினேன். பிறகு மூன்றாவது விழுந்தது.

அது பின்னால் வந்த இன்னொரு செட்டி. ஒன்றின் சத்தத்துக்குள் மற்றது ஒளித்து வந்திருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரிச் சத்தம்தானே. ஒன்றுதான் வந்தது என்று துரைச்சாமி அண்ணை சொன்னார். இராசம்மாக்காவும் சொன்னா. அவர்கள் பங்கருக்குள் இருந்தவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளியில் இருந்தவன் நான். நான் அண்ணாந்து பார்த்தபோது ஒன்றைத்தான் கண்டேன், உண்மை. மாமரம் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மற்றது மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கும்.

தவம் குசினி வாசலில் கிடந்தாள். என்னுடைய பெண்சாதி, தவமலர். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவள். மகள் சுகந்தி பங்கர்ப் படியில் நின்றாள், எட்டு வயது. மண் சரிந்து மூடிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து எடுத்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பும், அந்த ஆணி வழுக்கும்.

மருமகனுக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா செல்லடியில் செத்தவ என்றுதான் மகள் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். கலியாணம் பேசி வந்தபோதும் அப்படித்தான் சொன்னாள், என் முன்னால். செல்லடி என்றால் யாரும் மேலே ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கிருந்தோ வந்தது, எங்கேயோ விழுந்தது. ஏன் அப்படி மாற்றிச் சொன்னாளோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொம்பரும் செல்லும் ஒன்றா? நான் திருத்தவில்லை. பெண் பிள்ளை, பேச்சுக்கால் நேரம், நடுவில் போய் எப்படித் திருத்துகிறது?

பனி கரைகிற நேரம் எனக்குக் கண் டொக்டரிடம் போகவேண்டியிருந்தது. மகள்தான் காரில் கூட்டிப் போனாள். திரும்பி வந்து படி இறங்கினால், மருமகன் கீழே நிற்கிறான். அன்று அவனுக்கு லீவு. மேசையில் ஒரு துவாயை விரித்து மூடி வைத்திருக்கிறான். 'மாமா, கண்ணை மூடுங்கோ' என்றான். இப்போதுதான் மருந்து விட்டுக் கண்ணைத் திறந்துவிட்டார்கள், நீர் மூடச் சொல்கிறீர் என்று நானும் பகிடி விட்டேன். துவாயை எடுத்தான்.

பிளேனைத் தலைகீழாய்ப் படுக்கவைத்திருந்தான், வயிறு மேலே தெரிய. நாலு குண்டு. நாலு கொளுக்கியில் நாலு குண்டு, மூக்கில் மஞ்சள் வளையம் போட்டு, வடிவாய், வரிசையாய். நான் பட்டி வைத்த இடத்தில் பள்ளம் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்து, மாமாவுக்குத் துளை சரிவரவில்லை, கஷ்டப்படுகிறார் என்று நினைத்திருக்கிறான். எனக்கு உதவி செய்தானாம். 'கொம்ப்ளீற், மாமா' என்றான்.

சத்தம் போட்டேனா? போடவில்லை. வெளிப்பக்கத்து இரண்டையும் கையால் பிடித்து முறித்தேன். பசை நல்லாய்ப் பிடித்துவிட்டது போல, செட்டையின் தோலோடு பிய்ந்து வந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகு நான் பட்டி வைத்துப் பூசியதுதான் இப்போது பார்க்கிறீர். மருமகன் பிய்ந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'சொறி மாமா' என்றான். என்னத்துக்குச் சொறி என்று அவனுக்கே தெரியாது. பொடியனின் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் பின்னேரங்களில் இறங்கி வருவது குறைந்துவிட்டது. இப்போது புதிதாய் ஒரு கப்பல் தொடங்கியிருக்கிறான், மேலேயே வைத்து.

அவன் மகளிடம் சொல்லியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் இறங்கி வந்தாள். அதற்குள் நான் பிளேனை நூலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். கடைசிப் படியில் நின்று பார்த்தாள். கன நேரம் நின்றாள். பிறகு வந்து, அதோ நீர் பெட்டி வைத்திருக்கிற இடம், அந்த வெறும் சீமெந்தில் குந்தினாள். வீட்டில் இவ்வளவு கதிரை இருக்க. குந்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

'இதை ஏன் இப்பிடிக் கட்டியிருக்கிறியள்?' என்றாள்.

'எனக்கு இப்பிடிப் பார்த்தால்தான் பிடிபடும்' என்றேன்.

'எனக்கும்தான்' என்றாள்.

காதுமந்தம் உள்ள பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். தலையிடி வந்துவிட்டதாக்கும், பெயின்ற் மணத்துக்கு. மேலே போ பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள், 'ரெண்டுதான் எண்டு உங்களுக்கு அவ்வளவு நிச்சயமோ அப்பா?'

'நான் எண்ணினனான்.'

'நாலாய் இருந்தால் என்ன?'

அது என்ன கேள்வி? இரண்டாய் இருக்கிற ஒன்றை நாலாய் இருந்தால் என்ன என்று கேட்டால்?

பிறகு அவள் எழும்பி வந்து, என்னுடைய இந்தக் கதிரைக் காலடியில் இருந்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள். 'அப்பா, நான் ஒண்டு சொல்லுறன். இவ்வளவு காலமும் சொல்லேல்லை. நீங்கள் கோவிக்கக் கூடாது. அண்டைக்கு நீங்கள் தட்ட முதலே அம்மா ஏறிட்டா' என்றாள்.

நான் அண்ணாந்து கொளுக்கிகளைப் பார்த்தேன்.

'சோறு குழையப்போகுது எண்டு சொல்லிக்கொண்டு ஏறினவ. நான் சீலையைப் பிடிச்சு இழுத்தனான். கையைத் தட்டிவிட்டவ. அவ போன பிறகுதான் நீங்கள் நிலத்திலை தட்டினது கேட்டது. நீங்கள் எண்ணினதுக்கும் அம்மா போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெண்டு எண்டாலும் சரி, நாலு எண்டாலும் சரி. விளங்குதோ அப்பா? உங்களிலை ஒண்டும் இல்லை.' சொல்லச் சொல்ல அவளுடைய கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. துடைக்கவும் இல்லை. 'இனி இதைக் கழட்டுவமோ? நான் கழட்டட்டோ?' என்றாள். எழும்பிக் கையை நூல் பக்கம் கொண்டுபோனாள்.

நீரே சொல்லும், தம்பி. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அதுவும் மண்ணுக்குள் புதைந்து எழும்பின பிள்ளை. நான் அவளிடம் கேட்டேன், 'இதை உனக்கு ஆர் சொல்லித் தந்தது? உன்ரை புருசனோ?' என்று. அவள் இல்லை என்று தலையாட்டினாள். 'பொய் சொல்லாதை' என்றேன். 'செத்த தாயிலை பழியைப் போடாதை' என்றேன். ஒரு நாளும் அவளை அப்படி ஏசினதில்லை. அவள் நூலிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். படியேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இறங்கி வரவில்லை. கோபம் இல்லை. மேலே நின்று, 'அப்பா சாப்பிட்டாச்சோ, குளிசை போட்டாச்சோ' என்று கேட்கிறாள். காலமை தேத்தண்ணியைப் படியின் உச்சியில் வைத்துவிட்டுப் போகிறாள். நான் ஏறிப்போய் எடுத்துக்கொள்கிறேன். பிளேனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. இப்போது அது எப்போதும் இங்கேதான் தொங்கப்போகிறது, யாரும் கழற்றப்போவதில்லை. அன்று எப்படியோ கதிரையில் ஏறிக் கட்டிவிட்டேன், இனி நானே நினைத்தாலும் ஏறக் கால் ஏலாது.

நீர் நேற்று வந்த பிள்ளை, உமக்கு நடுவுநிலை இருக்கும். யோசித்துப் பாரும். அத்தனை சனமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தது. படித்த சட்டம்பியாரே காத்திருந்தார். என்னுடைய சொந்தப் பெண்சாதி மட்டும் என்னுடைய சொல்லை மதிக்காமல் ஏறிப் போனாள் என்று சொன்னால், ஊர் என்ன நினைக்கும்? தவத்தைப் பற்றி என்ன நினைக்கும்? துரைச்சாமி அண்ணை இப்போது உயிரோடு இல்லை, இருந்தால் சாட்சி சொல்லுவார். தவம் உள்ளே கடைசிப் படியில் நின்று, 'முடிஞ்சுதோ?' என்று என்னைக் கேட்டாள். ஒருதரம் இல்லை, இரண்டுதரம் கேட்டாள். 'முடிஞ்சுது, நீ வா' என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வந்தாள். நான் சொல்லாமல் அவள் ஒருநாளும் வெளியில் வந்ததில்லை, தம்பி.